பொத்தோசி வெள்ளியும் வேங்கடவன் வராகனும்

இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் இருந்த பழம்பகையை நம் பாடப்புத்தகங்கள் ஒரே காட்சியில் முடித்துவிடுகின்றன. 1588இல் சுமார் 130 கப்பல்களோடு ஸ்பெயினின் பெரும்படை வந்தது, தோற்றது, புயலில் சிதைந்தது; அதோடு சரி. ஆனால் 1585இல் தொடங்கி 1604 வரை நீடித்த அந்தப் போரும், அதன் பின் பெயரளவுச் சமாதானத்துக்கு நடுவே கடல்களில் தொடர்ந்த மோதல்களும் திருமலை அடிவாரத்துக்குப் பக்கத்திலிருந்த சந்திரகிரி அரசவை வரை வந்து எட்டின. ஒன்றரை நூற்றாண்டு கழித்து இரு நாடுகளும் மறுபடி மோதியபோது, சென்னையிலிருந்து கப்பலேறிய சிப்பாய்கள் ஸ்பெயினின் மணிலாவைப் பிடித்தார்கள். இந்த நெடுங்கதையைப் பெரும்பாலும் பீரங்கிகளின் கதையாகவோ மாலுமிகளின் துணிச்சலாகவோ எழுதுகிறார்கள். நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். நம் கரையில் இந்தப் பகை எப்படி நடந்தது, யாருக்கு எது கிடைத்தது என்பதை வெள்ளி என்ற உலோகமும் பருவக்காற்றும்தான் பெரும்பாலும் தீர்மானித்தன. அந்த இரண்டின் கணக்கையும் வந்தவர்களைவிட இங்கிருந்தவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

முதலிலேயே ஒரு தடை எழும். சோழமண்டலக் கரையில் இருந்தவர்கள் போர்ச்சுக்கீசியர்கள்தானே, ஸ்பானியர்கள் எங்கே வந்தார்கள் என்று கேட்பது நியாயம். 1580இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் போர்ச்சுக்கல்லின் முடியையும் எடுத்துக்கொண்டார். 1640 டிசம்பரில் லிஸ்பனில் கிளர்ச்சி வெடிக்கும்வரை, அறுபது ஆண்டுகள், கோவாவும் மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமும் மாட்ரிட்டில் இருந்த மன்னருக்கே கட்டுப்பட்டிருந்தன. நிர்வாகம் தனியாகவே நடந்தது; அதிகாரிகளும் மாலுமிகளும் போர்ச்சுக்கீசியர்களே. ஆனாலும் பகை ஒன்றாகிவிட்டது. ஸ்பெயினோடு சண்டையிட்ட டச்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் லிஸ்பன் சந்தை நம்பத்தக்க இடமாக இல்லாமல் போனது. லிஸ்பனில் மிளகு வாங்கி விற்றவர்கள் மிளகு விளையும் இடத்துக்கே போகத் துணிந்ததற்கு இது முக்கியக் காரணம். 1600 டிசம்பர் 31இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும், 1602இல் டச்சுக் கம்பெனியும் தோன்றின. இதற்கு முன்பே, 1598இல், சாந்தோமிலிருந்து இயேசு சபைத் துறவிகள் சந்திரகிரிக்கு வந்து விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரைக் கண்டிருந்தார்கள். பின்னர் மூன்றாம் பிலிப் மன்னர் வேங்கடபதிக்கு நேரடியாகக் கடிதங்கள் எழுதினார். திருமலையில் செப்புச் சிலையாகக் கைகூப்பி நிற்கும் அதே வேங்கடபதிதான். உலகின் மிகப் பெரிய பேரரசின் தலைவர் நட்பு கேட்டு எழுத வேண்டிய அளவுக்கு இந்த அரசவையிடம் என்ன இருந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

விடை துணியில் இருக்கிறது. ஆனால் துணியை வாங்கிய காசிலிருந்து தொடங்குவது நல்லது. 1545இல் தென் அமெரிக்காவின் பொத்தோசியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில், ஒரு வெள்ளி மலை கண்டுபிடிக்கப்பட்டது. மேற்பரப்பில் கிடைத்த செழுமையான தாதுவை உலையில் உருக்கினாலே வெள்ளி வந்தது. சில பத்தாண்டுகளில் அது தீர்ந்துவிட, கந்தகத்தோடு பிணைந்த வெள்ளி கொஞ்சமாகக் கலந்திருந்த மட்டரகத் தாதுதான் எஞ்சியது. அந்த உயரத்தில் எரிக்க மரமும் இல்லை. இங்கேதான் வேதியியல் கைகொடுத்தது. 1554இல் மெக்சிகோவின் பச்சூகாவில் பார்த்தோலோமே தெ மெதினா என்பவர் பாதரசத்தைக் கொண்டு வெள்ளியைப் பிரிக்கும் முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டினார். தாதுவை மாவாக அரைத்து, நீரும் உப்பும் செம்புச் சேர்மமும் சேர்த்துக் குழைப்பார்கள். வெள்ளி கந்தகத்தை விட்டுவிட்டு உப்பிலுள்ள குளோரினோடு சேரும். பிறகு பாதரசத்தை ஊற்றி வாரக்கணக்கில் மிதித்துக் கிளறினால், பாதரசம் அந்தக் குளோரினைப் பறித்துக்கொண்டு வெள்ளியை விடுவிக்கும். விடுபட்ட வெள்ளியை மிச்சப் பாதரசம் தன்னுள் கரைத்துக்கொள்ளும். கிடைத்த கலவையைத் துணியில் வடிகட்டிப் பிழிந்து சூடாக்கினால் பாதரசம் 357 பாகையில் ஆவியாகப் போய்விட, கடற்பஞ்சு போல வெள்ளி எஞ்சும். இந்த முறைக்குத் தாது உருக்கும் பேருலை வேண்டாம். விறகும் மிகக் கொஞ்சம் போதும். பாதரசத்துக்கு மட்டும் பஞ்சம் வரக் கூடாது. பெருவின் உவான்காவெலிக்காவில் பாதரசச் சுரங்கம் கிடைத்ததும் அந்தக் கவலையும் தீர்ந்தது. 1570களில் பொத்தோசி இந்த முறைக்கு மாறிய பிறகு அங்கிருந்து கொட்டிய வெள்ளி உலகின் விலைவாசியையே அசைத்தது. அந்தப் பாதரச ஆவியை மூச்சில் இழுத்து நடுக்கமும் பல் உதிர்வும் கண்டு மாண்டவர்கள், கட்டாய வேலைக்குப் பிடித்துவரப்பட்ட ஆண்டிஸ் மலைக் குடிமக்கள். நம் கரைக்கு வந்த ஒவ்வொரு வெள்ளிக் காசிலும் அவர்களுடைய உயிர் கலந்திருக்கிறது என்பதை மறந்துவிட்டு இந்த வரலாற்றைப் பேசக் கூடாது.

ஏறத்தாழ 27 கிராம் எடையுள்ள 'எட்டு ரியால்' நாணயம்தான் அந்த வெள்ளியின் வடிவம். ஸ்பெயின் தன் போர்ச் செலவுக்கும் கடனுக்கும் அதை ஐரோப்பா எங்கும் இறைத்தது. ஆண்ட்வெர்ப், ஜெனோவா, ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் வழியாக அது ஸ்பெயினின் பகைவர்களிடமே போய்ச் சேர்ந்தது. ஆங்கிலக் கம்பெனிக்கு எலிசபெத் அரசி தந்த சாசனம், ஒரு பயணத்துக்கு 30,000 பவுண்டு மதிப்புள்ள வெள்ளியை நாட்டை விட்டுக் கொண்டுபோக அனுமதித்தது. கம்பளி போர்த்திக்கொள்ளும் குளிர் நாட்டின் சரக்கை இங்கே யாரும் விரும்பி வாங்கவில்லை. வெள்ளி இல்லாமல் ஒன்றும் கிடைக்காது. பகைவனின் முத்திரை பதித்த காசைத் தன் கப்பல்கள் சுமப்பது எலிசபெத்துக்கு உறுத்தியிருக்க வேண்டும். எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று ரியால்களின் எடைக்குச் சரியாகத் தன் பெயரில் தனி நாணயங்களை அடித்துக் கொடுத்தார். ஆசியச் சந்தைகள் பழகிய ஸ்பானியக் காசையே கேட்டன. அந்த முயற்சி அத்தோடு நின்றது. ஆக, ஸ்பெயினை எதிர்த்து வணிகம் செய்யப் புறப்பட்டவர்களுக்கும் ஸ்பெயினின் உலோகம்தான் கைமுதல். இரு பக்கமும் ஒரே சுரங்கத்தின் விளைச்சலைக் கொண்டு மோதிக்கொண்டதால், ஐரோப்பாவில் யார் வென்றாலும் அந்த வெள்ளி கடைசியில் துணி நெய்பவர் ஊருக்கே வந்து சேர வேண்டியிருந்தது.

ஏன் இந்தத் துணி? மொலுக்காத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வைத்திருந்தவர்கள் வெள்ளியைவிடச் சோழமண்டலத்து வண்ணத் துணிகளை விரும்பினார்கள். அவற்றின் சிவப்பு தண்ணீரில் போகாது. கடுக்காய்ச் சாற்றில் தோய்த்த பருத்தியில் படிகார நீரால் கோலமிட்டு, அதன்மேல் சாயவேரின் சாற்றில் காய்ச்சினால், படிகாரத்தின் அலுமினியம் ஒருபுறம் நூலிழையையும் மறுபுறம் வேரின் நிறப்பொருளையும் பற்றிக்கொள்ளும். கரைந்து போக முடியாத ஒரு கூட்டுப்பொருள் இழைக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. ஐரோப்பியச் சாயக்காரர்களுக்குப் பருத்தியில் இந்தச் சிவப்பை இவ்வளவு நேர்த்தியாகக் கொண்டுவர அப்போது தெரியாது. சாயவேர், நெசவாளர் குடியிருப்பு, முன்பணம் கொடுத்து வாங்கும் வணிகர்கள் எல்லாம் பழவேற்காட்டுக்கும் சந்திரகிரிக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே இருந்தன. இப்பகுதியின் பெரிய கணக்குகள் பொன் வராகனில் ஓடின. எனவே வந்த வெள்ளியைப் பொன்னாக மாற்றித்தான் உள்நாட்டுக்குள் அனுப்ப வேண்டும். ஐரோப்பாவில் ஒரு பங்கு தங்கத்துக்கு ஏறத்தாழ 12 பங்கு வெள்ளி; சீனத்தில் அதில் பாதியை ஒட்டிய அளவே போதும். அதனால் வெள்ளி மேற்கிலிருந்து கிழக்கே சாய்ந்துகொண்டே இருந்தது. வேங்கடபதி தம் வராகனில் திருவேங்கடமுடையான் உருவைப் பொறித்து, பின்புறம் அவன் பெயரையே எழுதினார். பிறகு சென்னையில் காசு அடிக்கும் உரிமை பெற்ற ஆங்கிலக் கம்பெனியும் பெருமாளும் இரு தேவியரும் நிற்கும் 'மூன்று சுவாமி' வராகனையே அடித்தது. அந்த முத்திரை இல்லாத பொன்னை நெசவாளர் ஊர்களில் எளிதில் செலாவணியாக்க முடியாது என்பதே இதன் பொருள். ஐரோப்பாவில் மதத்தின் பெயரால் போர் செய்துகொண்டிருந்தவர்கள் இங்கே சந்தை நம்பிய முத்திரைக்குக் கட்டுப்பட்டார்கள்.

இனி பீரங்கியைப் பற்றிய தடை. ஆங்கிலக் கப்பல்களின் பீரங்கிகள் 1588இல் வேகமாகச் சுட்டன, ஸ்பானியப் படையை அணுகவிடாமல் தடுத்தன, இது உண்மை. ஆனால் அந்தப் படை கலேயில் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு ஓடியது காற்றோடு விடப்பட்ட தீக்கப்பல்களால். வடகடலுக்குத் தள்ளப்பட்டதும், ஸ்காட்லாந்தையும் அயர்லாந்தையும் சுற்றி வருகையில் நொறுங்கியதும் காற்றினால். நம் கரையிலோ பீரங்கிக்கு இன்னும் குறைந்த வேலைதான். வங்கக் கடலின் இந்த ஓரத்தில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கரை மணல் சரிவு. அலை தொலைவிலேயே உடையும். பெரிய கப்பல்கள் ஒரு மைலுக்கு அப்பால் நின்றுகொள்ள, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தான் சரக்கையும் ஆட்களையும் கரை சேர்த்தன. அலையில் மோதினால் வளைந்து கொடுக்கும் அந்தப் படகும், அதை ஓட்டத் தெரிந்த கரையோர மக்களும் இல்லாமல் எந்த ஐரோப்பியக் கொடியும் இங்கே இறங்கியிருக்காது. அக்டோபரில் காற்று வடகிழக்குக்குத் திரும்பும். கடல்நீர் இன்னும் சூடாக இருக்கும். அந்தச் சூட்டை உண்டு வளரும் புயல்கள் டிசம்பர் வரை கரையைத் தாக்கும். சென்னையைப் பிடித்துவிட்ட பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பற்படையை 1746 அக்டோபரில் சிதைத்தது எதிரி அல்ல, ஒரே இரவுப் புயல். பீரங்கி மட்டும் போதாது என்பதற்கு இன்றைய திருப்பதி மாவட்டத்துக்குள்ளேயே இன்னொரு சான்று இருக்கிறது. வாகாடு மண்டலத்தின் துகராஜபட்டினத்தில், அன்று ஆர்மகான் என்று அழைக்கப்பட்ட இடத்தில், ஆங்கிலேயர் 1626இல் இக்கரையில் தங்கள் முதல் அரண்காப்பிட்ட பண்டகசாலையை அமைத்தார்கள். 12 பீரங்கிகளையும் ஏற்றினார்கள். பீரங்கி இருந்தது, நல்ல துணி போதுமான அளவு கிடைக்கவில்லை. அங்கிருந்த கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே, தெற்கே மதராஸபட்டினத்தில் துணி 20 சதவீதம் மலிவு என்று எழுதினார். ஆர்மகானைக் கைவிட்டுவிட்டுப் போனார்கள்.

அப்படியானால் ஐரோப்பியருக்கு மண்ணைத் தாரைவார்த்தது நம் அரசர்களின் அறியாமையா? இந்தக் குற்றச்சாட்டைப் பலர் சொல்லிக் கேட்கிறோம். சான்றுகள் அதை ஆதரிக்கவில்லை. 1610இல் வேங்கடபதி பழவேற்காட்டில் டச்சுக்காரர்களுக்கு இடம் கொடுத்தார். ஸ்பெயினும் டச்சுக்காரர்களும் 1609இல்தான் 12 ஆண்டு போர்நிறுத்தம் செய்திருந்தார்கள். ஆனாலும் சாந்தோமிலிருந்து போன போர்ச்சுக்கீசியர்கள் 1612இல் டச்சுப் பண்டகசாலையை அழித்தார்கள். மறு ஆண்டே அங்கே டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை எழுந்தது. ஒரே தரப்பிடம் மட்டும் துணி விற்க அரசவைக்கு விருப்பமில்லை. 1611இல் ஆங்கிலக் கம்பெனியின் 'குளோப்' கப்பல் பழவேற்காட்டுக்கு வந்தபோது டச்சுக்காரர்கள் விரட்டிவிட்டார்கள். ஐரோப்பாவில் ஸ்பெயினுக்கு எதிராகத் தோளோடு தோள் நின்றவர்கள் இவ்விரு நாட்டவரும். 1614இல், அரசவை வேலூருக்குப் போயிருந்த காலத்தில், அந்தக் கப்பலின் வணிகர் பீட்டர் புளோரிஸுக்கு வேங்கடபதி பொன் தகட்டில் எழுதிய கவுல் (உறுதிப் பத்திரம்) அனுப்பினார். பழவேற்காட்டில் நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து, விரும்பிய இடத்தில் வீடோ கோட்டையோ கட்டிக்கொள்ளலாம் என்று அழைத்தார். தம் உள்ளங்கையைச் சந்தனத்தில் பதித்த வெள்ளைத் துணியையும் உறுதிக்காக அனுப்பினார். இதை ஏமாந்தவரின் செயல் என்று எப்படிச் சொல்வது? வாங்குபவர்கள் ஒருவருக்கொருவர் பகைவர்களாக இருந்தால் விற்பவருக்கு விலை உயரும் என்று தெரிந்த ஒருவரின் கணக்கு அது. அந்த அக்டோபரிலேயே வேங்கடபதி இறந்தார். வாரிசுச் சண்டையில் அரசே பிளந்தது. 1639இல் அந்த அரசின் உள்ளூர்த் தலைவர் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் சென்னை நிலத்தை ஆங்கிலேயருக்குக் கொடுத்தபோதும், 1645இல் மன்னர் ஸ்ரீரங்க ராயர் அதை உறுதிசெய்தபோதும், பேரம் பேசும் பழைய வழக்கம் இருந்தது; அதை அமல்படுத்தும் பலம் மட்டும் கரைந்துகொண்டிருந்தது. கோளாறு வாரிசுரிமையில் இருந்தது. இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: சென்னைக் கோட்டை ஸ்பெயின் மன்னரின் சாந்தோமுக்குக் கூப்பிடு தூரத்தில் எழுந்தும் அங்கிருந்து யாரும் அதைத் தாக்கவில்லை. 1635இல் கோவாவில் இரு தரப்பும் செய்துகொண்ட சமாதான ஒப்பந்தமே காரணம். பகையைவிட வணிக லாபம் பெரிதாகிவிட்டிருந்தது.

அந்தப் பகை நம் கரைக்கு மறுபடி வந்தது 1762இல். ஜனவரியில் லண்டனில் ஸ்பெயின் மீது போர் அறிவிக்கப்பட்டது. செய்தியைச் சுமந்துகொண்டு ஆங்கிலத் தளபதி வில்லியம் டிரேப்பர் ஜூன் கடைசியில் சென்னைக்கு வந்தார். இனி அவருக்கு எதிரி நாள்காட்டிதான். தென்மேற்குக் காற்று இருக்கும்போதே மலாக்கா நீரிணையைக் கடந்து தென்சீனக் கடலில் ஏறினால் மணிலாவை அடையலாம். அக்டோபரில் காற்று திரும்பிவிட்டால் முகத்தில் அடிக்கும், அடுத்த ஆண்டுதான். சில வாரங்களில் படை திரட்டி, ஆகஸ்டு தொடக்கத்தில் கப்பல்கள் சென்னையை விட்டுக் கிளம்பின. ஆங்கிலப் படையாட்களோடு சுமார் 600 சென்னைச் சிப்பாய்களும் போனார்கள். செப்டம்பர் 23இல் மணிலா விரிகுடாவுக்குள் நுழைந்தார்கள். அங்கே ஆளுநர் பொறுப்பில் இருந்த பேராயர் ரோஹோவுக்குப் போர் மூண்ட அதிகாரபூர்வச் செய்தியே வந்திருக்கவில்லை. அக்டோபர் 6இல் நகரம் விழுந்தது. சென்னைக்கு ஒரு பருவத்துக்கு முன்பே செய்தி வந்ததுதான் இந்த வெற்றியின் முதல் காரணம். ஸ்பெயினின் செய்தி மெக்சிகோ வழியாகப் பசிபிக்கைத் தாண்டி வர வேண்டியிருந்தது. காற்றின் தாமதம் மறுபக்கமும் வேலை செய்தது. 1763 பிப்ரவரியில் பாரிஸில் உடன்படிக்கை கையெழுத்தானபோது மணிலா பிடிபட்ட சேதி ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாது. ஏப்ரலில்தான் தெரிந்தது. 1764இல் நகரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். வெள்ளிதான் குறி, அது முழுவதும் கைக்கு எட்டவில்லை. 40 லட்சம் டாலர் மீட்புத்தொகை கேட்டதில் ஒரு பகுதியே கிடைத்தது. 'சான்டிசிமா டிரினிடாட்' என்ற பெருங்கப்பலைப் பிடித்தார்கள். மெக்சிகோ வெள்ளியோடு வந்த 'பிலிப்பினோ' தப்பிவிட்டது. திரும்ப விரும்பாத சிப்பாய்கள் சிலர் மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் தங்கிக் குடும்பமானார்கள். அவர்களின் வழிவந்தோர் அங்கே இன்றும் இருக்கிறார்கள்.

இதே காலத்தில் ஐரோப்பியர் இங்கே நடத்திய போர்களின் சுமை திருப்பதி மீதும் விழுந்தது. 1750களில் ஆற்காட்டு நவாபு முகமது அலி, ஆங்கிலப் படைக்குத் தர வேண்டிய போர்க்கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்த வருவாய்களில் திருமலைக் கோயிலின் வருவாயும் ஒன்று. அந்தப் பத்தாண்டு முழுதும் கோயில் வருவாய்க்காகப் பல படைகள் போட்டியிட்டன. புரட்டாசித் திருவிழாவில் காணிக்கை குவியும். அது முடிந்த கையோடு வடகிழக்குப் பருவம் தொடங்கி வழிகள் சேறாகும். கடலில் கப்பலுக்கு இருந்த அதே கெடு, தரையில் வருவாய்க்காக மலையடிவாரத்தைச் சூழ்ந்த படைகளுக்கும் இருந்தது. 1801இல் ஆற்காட்டு நவாபின் கர்நாடகம் முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டதும், சித்தூரின் முதல் கலெக்டர் ஸ்டிராட்டன் கோயிலின் வரவு செலவு, கைங்கரியம், பண்டிகை அத்தனையையும் விசாரித்து 1803இல் அறிக்கை அனுப்பினார். 1843இல் ஹாத்திராம்ஜி மடத்திடம் ஒப்படைக்கும்வரை கம்பெனியே கோயில் கணக்கைப் பார்த்தது.

வெள்ளிக்கு நான் இவ்வளவு பங்கு கொடுப்பதைச் சோதித்துப் பார்க்க முடியும். 1742இல் முகலாய அனுமதி பெற்றுக் கம்பெனி சென்னையில் ஆற்காடு ரூபாய்களை அடிக்கத் தொடங்கியது. அதற்கான வெள்ளி அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து வந்ததா, உள்நாட்டுப் பழைய நகைகளையும் காசுகளையும் உருக்கியதா என்பதைக் கணக்கேடு மட்டும் சொல்ல வேண்டியதில்லை, உலோகமே சொல்லும். வெள்ளியில் 107, 109 என்ற நிறை எண்களுடைய இரண்டு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. அவற்றின் விகிதம் தாதுப் படிவத்துக்குப் படிவம் மிகச் சிறிதளவு மாறும். நிறைமாலை அளவியால் அதைத் துல்லியமாக அளக்கலாம். ஈயத்தின் ஐசோடோப்புகளும் ஊர் அடையாளம் காட்டும். ஆனால் சாம்பல் மூசையில் ஈயம் சேர்த்து வெள்ளியைப் புடமிடும்போது வேறோர் ஊரின் ஈயம் உள்ளே கலந்துவிடும். எனவே வெள்ளி, அதோடு கலந்திருக்கும் செம்பு, ஈயம் ஆகிய மூன்றின் ஐசோடோப்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பலமுறை உருக்கிய காசில் பல சுரங்கங்களின் சுவடு கலந்து சராசரியாகிவிடும் என்பது இந்த முறையின் பெரிய தொல்லை. ஆனாலும் ஆண்டு தெரிந்த ரூபாய்களை வரிசையாக அளந்தால், அமெரிக்க வெள்ளியின் பங்கு எந்த ஆண்டுகளில் ஏறியது, ஸ்பெயினோடு போர் நடந்த 1740களிலும் 1762ஐ ஒட்டியும் அது இறங்கியதா என்பது வெளிப்படும். போர் நடந்த ஆண்டுகளிலும் பங்கு குறையாமல் இருந்தால், பகைவர்களுக்கு இடையிலும் அந்த வெள்ளி தடையின்றி ஓடியது என்ற என் வாதம் வலுப்பெறும். திடீரென விழுந்தால் கப்பல்களுக்கும் பீரங்கிகளுக்கும் நான் கொடுத்ததைவிட அதிக இடம் கொடுத்தாக வேண்டும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பு இந்தியாவின் பெரிய தொகுப்புகளில் ஒன்று. ஒரு காசின் விளிம்பில் மயிரிழை அளவு சுரண்டினால் இந்த அளவைக்குப் போதும்.